ஒரு பிளக் ஸ்பானரும் உங்கள் நோட்டீஸும்

மேடவாக்கத்தில் ஒரே கூரையின் கீழ் வாழும் நம் இருபத்து நான்கு வீட்டாருக்கும், நலச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

போன திங்கட்கிழமை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய நோட்டீஸை எல்லோரும் படித்திருப்பீர்கள். பார்க்கிங்கில் எந்த விதமான வாகனப் பழுது வேலையும் செய்யக் கூடாது, மீறினால் ஐந்நூறு ரூபாய் அபராதம் என்கிறது அது. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. அதற்கு முந்தின நாள் காலை, பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, ஸ்கூட்டருக்கும் காருக்கும் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியவள் நான் ஒருத்திதான். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் பத்து நிமிடத்தில் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். வருகிற ஞாயிறு பொதுக்குழுவுக்கு முன் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

உங்களில் பாதிப் பேர் பால்கனியிலிருந்துதான் பார்த்தீர்கள். மேலிருந்து பார்த்தால் கை கறுத்த ஒரு பொம்பளையும், பிரித்துப் போட்ட வண்டியும், சுற்றி நான்கு பிள்ளைகளும்தான் தெரிந்திருக்கும். கீழே நடந்தது என்ன என்று சொல்கிறேன்.

முதலில் ஸ்கூட்டர். 2017-இல் வாங்கியது, கார்புரேட்டர் வண்டி. ஒரு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆனது. மேம்பாலத்தில் ஏறும்போது பிக்கப் இல்லை. பக்கவாட்டுக் கவரின் திருகுகளைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்ததும், முதல் மாடிப் பாப்பா, ஐந்தாம் வகுப்பு படிக்கிறவள், அதைக் கையில் வாங்கிக் கொண்டாள். "ஆன்ட்டி, இது அப்பளப்பூ மாதிரி மடிச்சு மடிச்சு இருக்கு" என்றாள். சூரியனைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். புதிய ஃபில்டரை ஒரு கையிலும் பழையதை இன்னொரு கையிலும் தூக்கினாள். புதியதில் மடிப்புக்கு மடிப்பு வெளிச்சம் கசிந்தது. பழையதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மடிப்புகளுக்குள் மாவு மாதிரி சாம்பல் நிறப் புழுதி, நடுவில் ஒரு வேப்பிலை, மூலையில் குளவி கட்டிய மண்.

மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டபிறகு நாம் எதை மூச்சாக இழுக்கிறோம் என்று அன்று அந்தப் பிள்ளைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் காகித மடிப்பே சொல்லிவிட்டது. நான் சொன்னது ஒரு கணக்கு மட்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. நம் மாடித் தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டாள். பத்தாயிரம் என்றேன். கிட்டத்தட்ட அத்தனை காற்று அந்த உள்ளங்கை அகல அட்டை வழியாகப் போனால்தான் ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும் என்றதும், அவள் அண்ணாந்து மொட்டை மாடியைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் அவள் அம்மா வந்து, கை அழுக்காகும் என்று இழுத்துக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ ஒரு நிமிடம் போதுமே.

அடுத்தது பிளக். இருக்கைக்கு முன்னால் உள்ள சின்ன மூடியைத் திறந்து, பிளக்கைச் சுற்றி இருந்த மண்ணைப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தேன். இதைச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அந்த மண் நேரே சிலிண்டருக்குள் விழும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் தலை அலுமினியம். சூட்டோடு சூடாகத் திருகினால் மரை போய்விடும். அதனால்தான் நான் வண்டியை எங்கேயும் எடுக்காமல், காலை ஏழு மணிக்கே வேலையை ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுக்கிறேன் என்று நினைத்தவர்கள் கவனிக்கவும்: நான் சுத்தியல் தொடவில்லை, எஞ்சினைக் கடைசியில் ஒரே ஒரு தடவைதான் ஸ்டார்ட் செய்தேன்.

வெளியே வந்த பிளக்கின் முனை முழுக்க உலர்ந்த கரி, விரலில் தேய்த்தால் விளக்கு மை போல ஒட்டியது. நல்ல எஞ்சினின் பிளக் முனை காப்பித்தூள் நிறத்துக்குக் கொஞ்சம் வெளிறினாற்போல இருக்கும். ஈரமான கருப்பு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. வெள்ளை வெளேரென்று வெந்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏன் காற்று குறைவு? அந்த வேப்பிலையையும் புழுதியையும்தான் பார்த்தோமே. அடைத்த ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டு மாதா மாதம் பிளக்கைத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தால், சளிக்கு மருந்து சாப்பிடாமல் கைக்குட்டை மாற்றுவது மாதிரி. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் வண்டி என்ன சொல்கிறது என்று புரியும். அதற்கு வண்டி நம் கையில் இருக்க வேண்டும்.

காரில் மூன்று பிளக். மேலே உட்கார்ந்திருக்கும் காயில்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு போல்ட் கழற்றி எடுத்து, உள்ளே ரப்பர் வைத்த பதினாறாம் நம்பர் பிளக் சாக்கெட்டை நீளக் கம்பியில் மாட்டி இறக்கினேன். ஒரு நேரத்தில் ஒரு பிளக் மட்டும். அப்போது எது எதற்கு என்ற குழப்பம் வராது. மூன்றும் நல்ல நிறம்தான். ஆனால் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது. புதியதில் ஒரு மில்லிமீட்டர்; பழையதில் தகட்டு அளவி 1.3 காட்டியது. இடைவெளி கூடினால் தீப்பொறி தாண்டக் கஷ்டப்படும், மிஸ்ஸிங் அடிக்கும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்ப் புகைவடிகட்டியில் எரிந்து அதையே கெடுக்கும். அந்த வடிகட்டியின் விலை என்ன என்று தெரிந்தவர்களுக்குப் பிளக்கின் விலை ஒரு விலையே இல்லை.

புதியதைப் போடும்போது முதல் ஐந்தாறு சுற்று வெறும் விரலால்தான். ஸ்பானர் கடைசியில். உட்கார்ந்தபிறகு சுமார் அரைச் சுற்று. புது வாஷர் நசுங்கும் அந்த மெத்தென்ற உணர்வு கையில் தெரியும். அதற்கு மேல் பலம் காட்டுகிறவர்கள் பிறகு லேத் பட்டறைக்குப் போய் நிற்பார்கள்.

இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். ஒரு சொட்டுப் பெட்ரோல் திறக்கவில்லை. ஒரு சொட்டு ஆயில் சிந்தவில்லை. செய்தித்தாளைச் சுருட்டி, பழைய ஃபில்டர்களோடு பையில் போட்டு, தரையைத் துடைத்துவிட்டுத்தான் மேலே வந்தேன். நோட்டீஸ் ஒட்டிய இடத்தில் பசை வழிந்திருக்கிறது, போய்ப் பாருங்கள். என் வண்டி நின்ற இடத்தையும் பாருங்கள்.

"இதற்கெல்லாம் ஆள் இருக்கிறார்களே மேடம், உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று செயலாளர் சார் அன்போடுதான் கேட்டார். பதில் சொல்கிறேன் சார். நான் முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். பில்லைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட பழக்கம் இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரு சர்வீஸ் நிலையத்தில் வண்டியை விட்டேன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியம் இல்லை. பில்லில் ஏர் ஃபில்டர் மாற்றியதாக எழுதி, அதற்குப் பணமும் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். ஃபில்டரின் பிளாஸ்டிக் விளிம்பில், அதற்கு முந்தைய வருஷம் நானே நீல மார்க்கரில் எழுதிய தேதி அப்படியே இருந்தது. காற்றுக் குழாயை வைத்து ஊதித் துடைத்து, அதையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். கேட்டதற்கு, ஏர் அடித்தால் புதுசு மாதிரிதான் மேடம் என்றார்கள்.

இல்லை. நம்மில் பலருடைய ஸ்கூட்டரில் இருக்கும் ஃபில்டர் எண்ணெய் தோய்த்த காகிதம். அந்தப் பிசுக்கில்தான் புழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஏர் அடித்தால் காகிதம் கிழியும், அல்லது புழுதி இன்னும் உள்ளே போகும். கம்பெனிக் கையேடே அதைச் சுத்தம் செய்யாதே, மாற்று என்கிறது. அந்தக் காலத்து ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, ஆயில் தொட்டுப் போடலாம். இதற்கு அந்த வைத்தியம் ஆகாது. இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனை பேர் எத்தனை வருஷமாக ஏர் அடிப்பதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நம் தெருமுனை மெக்கானிக் தம்பி கழற்றிய பாகத்தை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் காசு வாங்குவார். பிரேக், கிளட்ச், எஞ்சின் உள்வேலை எல்லாம் இன்றும் அவரிடம்தான். ஆனால் மூடியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம்தான் யாரும் ஒழுங்காகப் பேசுவார்கள். இது காசுக் கணக்கு மட்டும் இல்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: புது ஃபில்டர் போட்டால் மைலேஜ் எகிறிவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். கார்புரேட்டர் வண்டியில் வித்தியாசம் தெரியும். இப்போது வரும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் காற்று குறைந்தால் கணினியே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். போவது மைலேஜைவிடப் பிக்கப்தான்.

அறுபதைத் தாண்டிய பெரியவர்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும். நோட்டீஸில் முதலில் கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள்தான். உங்களில் யார் பஜாஜ் சேத்தக் ஓட்டாதவர்? டூ ஸ்ட்ரோக் வண்டி; பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றியதால் வாரம் தவறாமல் பிளக்கில் கரி பிடிக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் வண்டியை ஒரு பக்கம் சாய்ப்பீர்கள், பிறகு டிக்கியைக் கழற்றி, பிளக்கை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி மாட்டுவீர்கள். முன்பெட்டியில் ஒரு பழைய மைக்கோ பிளக் துணியில் சுற்றி இருக்கும், பக்கத்திலேயே ஸ்பானர். பெங்களூரில் மைக்கோ கம்பெனி 1951-இல் தொடங்கியதிலிருந்து, நம் ஊரில் பிளக் என்றால் மைக்கோ என்றே ஆகிப்போன காலம் அது. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், கல்யாண மண்டப வாசலில், பட்டு வேட்டியோடு குந்தி உட்கார்ந்து பிளக் தேய்த்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா அப்படித்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். ஸ்பானரைப் பிடிக்கச் சொல்லி, என் கை மேல் தன் கையை வைத்து, "போதும், இங்க நிறுத்து" என்று சொன்ன அந்த அழுத்தம்தான் இன்றும் என் கையில் இருக்கும் அளவு. அன்று அதை யாரும் பழுது வேலை என்று சொல்லவில்லை. வண்டி வைத்திருப்பவன் செய்கிற வேலை என்றார்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் முன்னால் அதையே குற்றம் ஆக்கி, ஐந்நூறு ரூபாய் விலையும் போட்டுவிட்டீர்களே?

உங்கள் பக்க நியாயத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. போன வருஷம் ஒருவர் கருத்த எஞ்சின் ஆயிலை மழைநீர்க் கால்வாயில் வடித்துவிட்டார். அது தப்பு, பெருந்தப்பு. அந்தக் கால்வாய்த் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. இன்னொருவர் வெல்டிங் ஆளைக் கூட்டி வந்து, முப்பது வண்டிக்கு நடுவில் தீப்பொறி பறக்க விட்டார். அதையும் தடுக்கத்தான் வேண்டும். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, கிக்கரை மிதித்து, பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி இருக்கும் பார்க்கிங்கில் அது வேண்டவே வேண்டாம், நானும் செய்வதில்லை. ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே வரியில் கட்டி, ஒரு காகித ஃபில்டர் மாற்றுவதையும் அதில் சேர்த்தது, சமையலறையில் ஒரு தடவை தீப்பிடித்தது என்று வீட்டில் யாரும் தேங்காய் துருவக் கூடாது என்பது போல இருக்கிறது.

இப்போது உங்களுக்கு 2023 டிசம்பரை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. விருப்பம் இல்லாமல்தான் சொல்கிறேன். மிக்ஜாம் புயல் மழை. நம் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்த அன்று காலை, சி பிளாக் தம்பி ஒருவர் ஆசையோடு ஸ்டார்ட்டரை அழுத்தினார். கிர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சின் சுற்றினால், தண்ணீர் நசுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். அந்த எஞ்சினைப் பிரித்துப் போட அவருக்கு ஆன செலவு அவருக்கே தெரியும். நான் மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தேன், யாரும் சாவியைத் தொடாதீர்கள் என்று.

அன்று என்ன செய்தோம்? ஒவ்வொரு ஸ்கூட்டரிலும் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தண்ணீரைக் கொட்டினோம். பிளக்கைக் கழற்றினோம். பிளக் இல்லாமல் கிக்கரை மெதுவாக மிதிக்க, பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. என் நைட்டி எல்லாம் சேறு. எஞ்சின் ஆயிலை மாற்றியபிறகுதான் ஸ்டார்ட் செய்யலாம் என்று எல்லோரிடமும் சொன்னேன். கார்களை மட்டும் யாரும் தொட வேண்டாம், டோ வண்டி வரட்டும் என்றேன். ஒரு வாரத்துக்கு எந்த மெக்கானிக்கும் கிடைக்காத அந்த நாட்களில் என்னுடைய ஒரே பிளக் ஸ்பானர் பதினொரு வீட்டுக்குப் போய் வந்தது. ஒரு வீட்டிலிருந்து அதோடு ஒரு தூக்கு சாம்பார் சாதமும் வந்தது. இன்று நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் நான்கு பேர் அந்தப் பதினொன்றில் உண்டு. நன்றி கேட்டு இதை எழுதவில்லை. அடுத்த மழை வரும்போது இந்தக் கட்டடத்தில் குனிந்து பிளக் கழற்றக் கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத்தான் எழுதுகிறேன். இப்போதைக்கு இரண்டு. ஒன்று நான், எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இன்னொருவர் வாட்ச்மேன் அண்ணன்.

அவர் விஷயத்தில்தான் உங்கள் மேல் எனக்கு உண்மையான கோபம். கார் பானெட்டுக்குள் மூன்றாவது பிளக் துளை இருட்டாக இருந்தது. அவர் வந்து டார்ச் பிடித்தார். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் கேட் அவர் கண் பார்வையில்தான் இருந்தது. அதற்காக அவரை மாலையில் அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, வேலை நேரத்தில் குடியிருப்பவர்களின் சொந்த வேலை பார்த்ததாக எழுதி வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் காய்கறிப் பையை நான்காம் மாடிக்குத் தூக்கி வருவதும் சொந்த வேலைதானே? அதற்கு யாரும் எழுதி வாங்கவில்லையே? வெள்ளத்தன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று உங்கள் வண்டிகளைச் சாயாமல் பிடித்தவர் அவர். என் மேல் கோபம் என்றால் என் கதவைத் தட்டுங்கள்.

ஆகவே பொதுக்குழுவில் நான் கேட்கப் போவது இதுதான். நோட்டீஸைக் கிழிக்க வேண்டாம், திருத்துங்கள். பெட்ரோல் திறப்பது, ஆயில் வடிப்பது, வெல்டிங், பெயின்ட், எஞ்சினை ஓடவிட்டு வைப்பது எல்லாம் கூடாது என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். முதல் ஆளாக நான் கையெழுத்துப் போடுகிறேன். பிளக், ஏர் ஃபில்டர், பல்பு, பேட்டரி முனையில் பூத்த உப்பைத் துடைப்பது, டயரில் காற்றுப் பார்ப்பது போன்ற உலர்ந்த வேலைகளுக்கு, மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை, மோட்டார் ரூம் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அந்த இரண்டு வண்டி இடத்தைக் கொடுங்கள். கழற்றிய பாகங்களுக்கு ஒரு டப்பா வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போடுவது என் பொறுப்பு. வாட்ச்மேன் அண்ணனிடம் எழுதி வாங்கிய தாளை அவர் கண் முன்னால் திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பையன்களை மட்டும் இல்லை. வண்டியின் கையேட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும். அதில் எந்தப் பிளக், எத்தனை கிலோமீட்டருக்கு, எவ்வளவு இடைவெளி என்று எல்லாம் அச்சிட்டிருக்கிறது. நம்மைப் போலப் புழுதிச் சாலையில் ஓட்டுகிறவர்கள் ஃபில்டரைச் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்ற வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு.

பொதுக்குழு ஞாயிறு காலை பத்து மணிக்கு, மொட்டை மாடியில். அன்று கழற்றிய இரண்டு ஃபில்டர்களையும், நீல மார்க்கர் தேதியோடு அந்தப் பழையதையும் எடுத்து வருகிறேன். கை தூக்குவதற்கு முன் ஒன்றை வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், இரண்டாம் மாடியிலிருந்து
உங்கள் பக்கத்து வீட்டுக்காரி